எரிமலைச் சாம்பலும் நம் தோட்டத்து வரலாறும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



"வரலாற்றுப் பாடம் நம் பிள்ளைகளுக்கு என்ன தருகிறது?" இதுதான் இந்த வாரம் அரங்கத்தில் நாம் எடுத்துக்கொண்ட தலைப்பு. அங்கே நேரம் போதாமல் விட்டுப்போன சில செய்திகளையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நெகிரி செம்பிலானில், ரந்தாவ் பக்கத்தில் உள்ள ஊர் கோலா சாவா. அந்த வட்டாரத் தோட்டத்துப் பிள்ளை ஒருவனை நினைத்துக் கொள்ளுங்கள். தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கிறான். பாட்டி பால்மரம் சீவியவர். அப்பா வேலைக்குச் சிரம்பானுக்குப் போய் வருகிறார். பையனின் புத்தகப்பையில் வரலாற்றுப் பாடநூல் இருக்கிறது.

2014இல்தான் நம் தொடக்கப்பள்ளிகளில் வரலாறு தனிப் பாடமாக நான்காம் ஆண்டில் நுழைந்தது. பனியுகம், வரலாற்றுக்கு முந்திய காலம், பழைய அரசுகள், மலாக்கா என்று அது விரிகிறது. 2013 முதல் எஸ்.பி.எம். சான்றிதழ் வேண்டுமானால் வரலாற்றில் தேர்ச்சி பெற்றே ஆகவேண்டும் என்ற நிலையும் வந்துவிட்டது.

அதனால் நம் பெற்றோர்கள் என்ன செய்கிறார்கள்? "மனப்பாடம் பண்ணு, பாஸ் ஆகிவிடு" என்கிறார்கள். ஆண்டும் பெயரும் பிள்ளையின் வாயில் ஏறுகின்றன. தேர்வு முடிந்ததும் இறங்கிவிடுகின்றன.

அப்படி இறங்கிப்போகக் கூடிய பாடமா இது? பார்ப்போம்.

மேற்கே ஒரு மலை வெடித்தது

கோலா சாவாவிலிருந்து நேர் மேற்கே, மலாக்கா நீரிணையைத் தாண்டி ஏறத்தாழ 350 கிலோமீட்டர் போனால் சுமத்ராவின் தோபா ஏரி வரும். 100 கிலோமீட்டர் நீளம், 30 கிலோமீட்டர் அகலம். நடுவில் சாமோசிர் தீவு. சுற்றுலா போய் வந்தவர்கள் அழகான ஏரி என்பார்கள். அது ஏரி மட்டுமல்ல, ஓர் எரிமலையின் வாய்.

சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் அது வெடித்தது. கக்கிய பாறைக்குழம்பின் அளவு ஏறத்தாழ 2,800 கன கிலோமீட்டர் என்று கணக்கிடுகிறார்கள். 1883இல் வெடித்து, 36,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த கிரக்கத்தோவா எரிமலை இதன் முன்னால் வெறும் ஊசிப்பட்டாசு.

தோபாவின் சாம்பல் எங்கே போனது? 1997இலும் 2015இலும் சுமத்ரா காடு எரிந்த புகை வந்து நம் வானத்தை மூடியதே, நினைவிருக்கிறதா? பள்ளிகளை மூடினார்கள், முகக்கவசம் போட்டுக்கொண்டு நடந்தோம். அந்தப் புகைமூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, அங்கே வெடித்த மலையின் சாம்பல் இங்கே எப்படி வந்திருக்கும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தச் சாம்பல் பேராக் மாநிலத்து லெங்கோங் பள்ளத்தாக்கில் இன்றும் மண்ணுக்குள் இருக்கிறது. அங்கே கோத்தா தம்பான் என்ற இடத்தில், ஆதிமனிதர்கள் உட்கார்ந்து கல் ஆயுதம் செய்த பட்டறை ஒன்றைத் தொல்லியல் அறிஞர் சுராய்னா மஜித் தலைமையிலான மலேசிய அறிவியல் பல்கலைக்கழகக் குழு 1987இல் தோண்டி எடுத்தது. உடைத்த கல், உடைபட்ட கல், சிதறிய சில்லு எல்லாம் போட்டது போட்டபடி கிடந்தன.

இன்னொரு செய்தியும் உண்டு. அதே தோபாவின் சாம்பல் வங்காள விரிகுடாவைத் தாண்டி, ஆந்திராவில் ஜுவாலாபுரம் என்ற ஊரில் இரண்டு மீட்டருக்கும் மேற்பட்ட கனத்தில் கிடக்கிறது. சாம்பலுக்குக் கீழேயும் கல் ஆயுதம், மேலேயும் கல் ஆயுதம்! அத்தனை பெரிய வெடிப்புக்குப் பிறகும் மனிதன் அங்கே வாழ்ந்தான் என்று 2007இல் ஆய்வாளர்கள் வாதிட்டார்கள்.

நம் முன்னோர் புறப்பட்டு வந்த தென்னிந்தியா, வந்து சேர்ந்த மலாயா, இரண்டின் மண்ணிலும் ஒரே மலையின் சாம்பல். கப்பலேறி வந்த நமக்கு முன்பே, இந்த இரண்டு கரைகளையும் இயற்கை ஒருமுறை தொட்டுவிட்டுப் போயிருக்கிறது.

பத்துமலையில் கடல்

அடுத்து, புதைபடிவம். உயிரினத்தின் எலும்போ ஓடோ மரமோ மண்ணுக்குள் அகப்பட்டு, காலப்போக்கில் தாதுக்கள் ஊறிக் கல்லாக மாறுவதைத்தான் பொதுவாகப் புதைபடிவம் என்கிறோம்.

இதைப் பார்க்க வெளிநாடு போக வேண்டாம். தைப்பூசத்துக்கு 272 படி ஏறுகிறோமே, அந்தப் பத்துமலையின் சுண்ணாம்புக்கல் சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தது. காவடி ஏறும் மலை ஒருகாலத்தில் கடலின் தரை! அதே பத்துமலைக் குகைகளில் பழங்கால ஓராங் ஊத்தானின் பற்கள் கிடைத்ததை 2013இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். இன்று காட்டு ஓராங் ஊத்தான் போர்னியோவிலும் சுமத்ராவிலும்தான் உண்டு. தீபகற்பத்திலும் அது வாழ்ந்தது என்பதற்குப் பல்தான் சாட்சி.

டைனோசார் கேட்கும் பிள்ளைகளுக்கும் பதில் இருக்கிறது. பகாங்கில் கிடைத்த டைனோசார் பல்லை 2014இல் மலாயா பல்கலைக்கழகம் அறிவித்தது. திருச்சிச் சீமையிலிருந்து வந்த குடும்பங்களுக்கு ஒரு தகவல்: அந்தப் பக்கத்து அரியலூரும் டைனோசார் காலத்தில் கடலுக்குள் இருந்த பூமிதான். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது.

பேராக் மனிதன் சொல்வது

1990இல் லெங்கோங்கின் குனோங் ருந்தோ குகையில் ஒரு முழு எலும்புக்கூடு கிடைத்தது. இதைத்தான் 'பேராக் மனிதன்' என்கிறோம். வயது பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் மேல். லெங்கோங் பள்ளத்தாக்கு 2012இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

அந்த மனிதனுக்குப் பிறவியிலேயே இடது கையில் ஊனம். வேட்டையாடிப் பிழைத்த காலத்தில், அப்படிப்பட்ட ஒருவர் நாற்பது வயதுக்கு மேல் வாழ்ந்திருக்கிறார். இறந்தபின் கால்களை மடக்கி, இறைச்சி, சிப்பி, கல் ஆயுதங்களோடு மரியாதையாகப் புதைத்திருக்கிறார்கள். ஊனமுற்றவரைத் தூக்கி எறியாத ஒரு சமூகம் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கே இருந்தது என்றுதான் இதைப் பார்த்து நினைக்கத் தோன்றுகிறது. அந்த மனிதர்கள் எழுதி வைக்கவில்லை. எலும்பு பேசுகிறது.

சான்று இல்லாமல் வரலாறு இல்லை

இங்கே ஒரு முக்கியமான விஷயம். கோத்தா தம்பான் பட்டறைக்கு முதலில் சுமார் 31,000 ஆண்டு என்றுதான் வயது சொன்னார்கள். தோபா சாம்பலின் வயது தெளிவானதும் அதை 74,000 என்று திருத்தினார்கள். இதில் வெட்கம் எதுவுமில்லை. புதிய சான்று வந்தால் கணக்கைத் திருத்துவதுதான் அறிவியல்.

இந்தப் பழக்கம் நமக்கும் வேண்டும். நம் மேடைகளில் குமரிக் கண்டம் என்று முழங்குகிறோம். கடல் கொண்ட நிலம் பற்றிய நினைவு நம் இலக்கிய மரபில் இருப்பது உண்மை. ஆனால் 'லெமூரியா' என்ற பெயர் 1864இல் ஓர் ஆங்கில விலங்கியலாளர், மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் காணப்பட்ட ஒருவகை உயிரினங்களுக்கு விளக்கம் தேடியபோது வைத்தது. கண்டங்கள் நகர்கின்றன என்பது உறுதியான பிறகு அந்தக் கருத்து கைவிடப்பட்டது. இந்தியப் பெருங்கடலில் தமிழர் வாழ்ந்த ஒரு கண்டமே மூழ்கியது என்பதற்கு நிலவியல் சான்று கிடையாது. இதைச் சொல்வதால் தமிழின் பெருமை குறையாது. சான்றுள்ள பெருமை நமக்கு நிறையவே இருக்கிறது.

கடல் கொண்ட நிலம்தான் வேண்டுமென்றால் அது நம் காலடியிலேயே இருக்கிறது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியுகத்தில் கடல்மட்டம் 120 மீட்டர் வரை தாழ்ந்திருந்தது. போர்ட்டிக்சன் கடற்கரையிலிருந்து சுமத்ராவுக்கு நடந்தே போயிருக்கலாம். பிறகு பனி உருகியது, கடல் ஏறியது, மலாக்கா நீரிணை வந்தது. நான்காம் ஆண்டுப் பிள்ளைக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், கண் விரியும்.

நம் தோட்டத்துச் சான்றுகள் எங்கே?

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

சான்று படிப்பது நமக்குப் புதிதல்ல. பால்மரத்தின் பட்டையில் உள்ள வெட்டுத் தழும்பைப் பார்த்தே, எத்தனை ஆண்டு சீவிய மரம், எந்தப் பக்கம் பட்டை புதிதாக வளர்ந்தது, சீவியவர் கை நல்ல கையா என்று சொன்னவர்கள் நம் தாத்தா பாட்டிகள்.

ஊர்ப்பெயரும் சான்றுதான். 'கோலா' என்றால் ஆறு கூடும் இடம். 'சாவா' என்றால் நெல்வயல். ரப்பருக்கு முன்னால் அங்கே நெல் விளைந்திருக்கும் என்று பெயரே சொல்கிறது. அங்கிருந்து லிங்கி ஆற்றுப் பக்கம் போனால் பெங்காலான் கெம்பாஸ். வாள், சுக்கான், கரண்டி என்று பெயர் பெற்ற நெடுங்கற்களும், 15ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டோடு ஒரு கல்லறையும் அங்கே நிற்கின்றன. கல்லில் எழுதியவர்களின் கதை ஐந்நூறு ஆண்டுக்கு மேல் நிலைத்துவிட்டது.

நம் கதை? பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள். லயங்களை இடித்தார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் கைமாறின. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அப்படி முளைத்துப் பெருகிய தமிழ்ப்பள்ளிகள் 1957இல் 888. இன்று 530க்கும் குறைவு. மூடப்பட்ட பள்ளிகளின் மாணவர் பதிவேடுகள் எத்தனை கறையானுக்குப் போயினவோ!

பத்தாயிரம் ஆண்டுக்கு முன் செத்த மனிதன் எப்படிப் படுத்திருந்தான் என்று நம் பிள்ளைக்குத் தெரிகிறது. நூறு ஆண்டுக்கு முன் நாகப்பட்டினத்தில் கப்பலேறிய கொள்ளுப்பாட்டி எந்த ஊர், எந்தக் கங்காணியோடு வந்தார், சயாம் மரண ரயில்பாதைக்கு வீட்டில் யார் போனார், யார் திரும்பவில்லை என்று தெரியவில்லை. குறை பாடநூலில் இல்லை. நாம் சொல்லவில்லை.

மண் தானாகவே காப்பாற்றி வைத்ததால் தோபாவின் சாம்பல் கிடைத்தது. லயத்து வீட்டுத் தகரப் பெட்டியை எந்த மண்ணும் காப்பாற்றாது. பழைய சிவப்பு அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, கப்பல் டிக்கெட், கல்யாணப் புகைப்படம், கூத்துக்குப் போட்ட சலங்கை எல்லாம் நமக்குப் புதைபடிவங்கள்தான். வீடு மாறும்போது முதலில் குப்பைக்குப் போவதும் அவைதான்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். லெங்கோங் பாடம் நடத்தும் வாரத்தில், ஒவ்வொரு பிள்ளையையும் வீட்டிலிருந்து ஒரு பழைய பொருளைப் படமெடுத்து வரச் சொல்லுங்கள். "இது எந்த ஆண்டு? எப்படித் தெரியும்? யார் சொன்னார்?" என்ற மூன்று கேள்விக்கும் எழுதச் சொல்லுங்கள். வரலாற்று ஆய்வு என்பது அந்த மூன்று கேள்விதான்.

பெற்றோர்களே, வருகிற பள்ளி விடுமுறையில் பாட்டியின் முன்னால் கைப்பேசியை வைத்து அரை மணி நேரம் பேச விடுங்கள். தோட்டத்தின் பெயர், கிராணியின் பெயர், மரம் சீவப் புறப்பட்ட நேரம், ஆயாக்கொட்டகையில் விட்டுப்போன பிள்ளையின் அழுகை, எல்லாம் வரட்டும். பதிவுக்குத் தேதி போடுங்கள். சொன்னவர் பெயரையும் எழுதுங்கள்.

பாட்டிக்கு எண்பதைத் தாண்டியிருந்தால், விடுமுறை வரைக்கும்கூடக் காத்திருக்க வேண்டாம்.