அகமதாபாத் வெயில்: ஒரு நகரம் கணக்குப் பார்த்த கதை

வெள்ளம் வந்தால் தெருவில் தண்ணீர் நிற்கும். புயல் அடித்தால் மரம் சாயும். நிலநடுக்கம் என்றால் வீடு இடியும். எல்லாவற்றுக்கும் புகைப்படம் உண்டு, பேப்பரில் முதல் பக்கச் செய்தியும் உண்டு. வெயிலுக்கு அது எதுவும் கிடையாது. ஒரு சுவரைக்கூட உடைக்காது. ஆளை மட்டும் கொண்டு போய்விடும்!

அப்படி ஒரு வெயில் 2010 மே மாதம் குஜராத்தின் அகமதாபாத் நகரத்தில் அடித்தது. மே 21 அன்று பதிவான வெப்பம் 46.8 டிகிரி செல்சியஸ். பாரன்ஹீட் கணக்கில் 116 டிகிரிக்கும் மேல். நம் ஊர் அக்னி நட்சத்திரத்தில் 104 வந்தாலே "தாங்க முடியவில்லை" என்கிறோம். 116 எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்துகொள்ளலாம்.

ஆனால் அகமதாபாத் வெயிலுக்குப் புதிய ஊர் அல்ல. மே மாதத்தில் 42 டிகிரி அங்கே சர்வ சாதாரணம். "கோடையில் வெயில் அடிக்காமல் வேறென்ன அடிக்கும்?" என்றுதான் பலரும் இருந்தார்கள். பிரச்சினையே அங்கேதான்.

பேரேட்டில் தெரிந்த உண்மை

வெயிலால் இறந்தவரின் இறப்புச் சான்றிதழில் பெரும்பாலும் வெயில் என்று இருக்காது. மாரடைப்பு, சிறுநீரகக் கோளாறு, மூச்சுத் திணறல், முதுமை என்று ஏதாவது ஒன்று எழுதப்பட்டிருக்கும். அப்படியானால் வெயிலின் பங்கை எப்படிக் கண்டுபிடிப்பது?

வழி எளிமையானதுதான். ஒரு கடையில் பணம் எங்கே போனது என்று தெரியாவிட்டால் போன வருடப் பேரேட்டையும் இந்த வருடப் பேரேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம் அல்லவா? ஆய்வாளர்கள் நகரத்தின் இறப்புப் பதிவேட்டை வைத்து அதையே செய்தார்கள். 2009, 2011 மே மாதங்களோடு 2010 மே மாதத்தை ஒப்பிட்டார்கள். வழக்கமாக 3,118 பேர் இறந்திருக்க வேண்டிய மாதத்தில் 4,462 பேர் இறந்திருந்தார்கள். அதிகப்படி 1,344 பேர். அதாவது 43 சதவீதம் கூடுதல்! ஒரே ஊரில், ஒரே மாதத்தில்.

இந்த ஆய்வு 2014ல் வெளியானது. ஆனால் நகரம் அதற்கு முன்பே விழித்துக்கொண்டது.

சிகாகோவும் பிரான்சும்

கணக்கு எடுப்பது அவ்வளவு சுலபமான வேலையல்ல. அமெரிக்காவின் சிகாகோவில் 1995 ஜூலையில் கடும் வெயில் அடித்தது. மாவட்டத் தலைமை மருத்துவப் பரிசோதகர் எட்மண்ட் டோனஹ்யூ, நூற்றுக்கணக்கானோர் வெயிலால் இறந்ததாக அறிவித்தார். மேயர் ரிச்சர்ட் டேலியோ அந்த எண்ணிக்கையையே சந்தேகித்துப் பேசினார். பின்னால் அதிகப்படி இறப்புகளைக் கணக்கிட்டபோது 739 வந்தது. இறந்தவர்களில் பலர் தனியாக வாழ்ந்த முதியவர்கள். திருடர்களுக்குப் பயந்து ஜன்னலைக்கூடத் திறக்காமல் இருந்தவர்களும் அவர்களில் உண்டு.

2003 ஆகஸ்ட்டில் பிரான்சில் ஏறத்தாழ 15,000 பேர் இறந்தார்கள். அங்கேயும் பெரும்பாலும் முதியவர்கள்தான். விடுமுறைக் காலம் என்பதால் பல குடும்பங்கள் ஊரில் இல்லை. அடுத்த ஆண்டே, 2004ல், பிரான்ஸ் அரசு தேசிய வெப்ப அலைத் திட்டத்தைக் கொண்டுவந்தது.

பணக்கார நாடுகளின் திட்டத்தை அப்படியே நகல் எடுக்க அகமதாபாத்தால் முடியாது. தகரக் கூரை வீட்டில் இருப்பவரிடம் "ஏசி அறையில் இருங்கள்" என்று எப்படிச் சொல்வது? தினக்கூலிக் கட்டடத் தொழிலாளியிடம் "வேலைக்குப் போகாதீர்கள்" என்றால் அன்று இரவு அடுப்பு எரியுமா?

2013 திட்டம்

2013ல் அகமதாபாத் மாநகராட்சி, காந்திநகரில் உள்ள இந்தியப் பொதுச் சுகாதார நிறுவனம் முதலியவற்றோடு சேர்ந்து வெப்பச் செயல்திட்டம் ஒன்றைத் தொடங்கியது. தெற்காசியாவிலேயே இதுதான் முதல் திட்டம்.

இதில் பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் கிடையாது. 41.1 முதல் 43 டிகிரி வரை மஞ்சள். 43.1 முதல் 44.9 வரை ஆரஞ்சு. 45ஐத் தொட்டால் சிவப்பு. முன்னறிவிப்பு வந்ததும் மாநகராட்சி அதிகாரி ஒருவர் மற்ற துறைகளுக்குத் தகவல் கொடுப்பார். மருத்துவமனைகளில் ஐஸ் கட்டிகள் தயாராகும். 108 ஆம்புலன்சுகள் உஷாராகும். தண்ணீர்ப் பந்தல்கள் திறக்கும். மதியம் பூட்டிவிடும் பூங்காக்கள் நிழலுக்காகத் திறந்திருக்கும். மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் கோடைக்கு முன்பே பயிற்சி.

இன்னொரு சம்பவம் இன்னும் எளிமையானது. ஷாரதாபென் மாநகராட்சி மருத்துவமனையில் பிரசவ வார்டு மேல் மாடியில் இருந்தது. மொட்டை மாடியில் நாள் முழுக்க இறங்கும் சூடு நேராகப் பச்சிளம் குழந்தைகள் மேல்! வார்டைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். வெப்பத்தால் தீவிர சிகிச்சைக்குப் போகும் குழந்தைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. மருந்து மாத்திரைச் செலவில்லாமல் கிடைத்த பலன் இது.

2016 மே 20 அன்று அகமதாபாத்தில் 48 டிகிரி பதிவானது. 2010ஐ விடவும் அதிகம். ஆனால் இந்த முறை நகரம் கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. திட்டத்துக்கு முந்தைய ஆண்டுகளையும் 2014, 2015 ஆண்டுகளையும் ஒப்பிட்டு 2018ல் வெளியான ஆய்வு, ஆண்டுக்குச் சராசரியாக 1,190 இறப்புகள் தவிர்க்கப்பட்டிருக்கலாம் என்று மதிப்பிட்டது.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

உடம்பின் சூடு 37 டிகிரி. வெளியே வெயில் ஏறினால் வியர்வை சுரந்து, அது ஆவியாகி உடம்பைக் குளிர்விக்கும். தண்ணீர் குறைந்தாலோ, காற்றில் ஈரப்பதம் மிகுந்தாலோ இந்த வேலை தடைபடும். உள்சூடு 40ஐத் தாண்டினால் முதலில் பாதிக்கப்படுவது மூளை. உளறல், தள்ளாட்டம், வலிப்பு, மயக்கம்... இதுதான் ஹீட் ஸ்ட்ரோக் எனப்படும் வெப்பத் தாக்கு. வியர்வை நின்றுதான் போக வேண்டும் என்றில்லை. வெயிலில் உழைப்பவருக்கு வியர்த்துக்கொண்டே இருக்கும்போதும் வரலாம்.

அப்போது ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். செய்ய வேண்டியவை இவை:

* 108க்குச் சொல்லிவிட்டு, ஆளை நிழலுக்குக் கொண்டு போக வேண்டும். இறுக்கமான உடையைத் தளர்த்த வேண்டும்.
* ஆம்புலன்ஸ் வரட்டும் என்று சும்மா காத்திருக்கக் கூடாது. உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். ஐஸ் கிடைத்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வைக்கலாம்.
* நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றவே கூடாது. மூச்சுக்குழாயில் போய்விடும்.
* காய்ச்சல் மாத்திரை இதற்குப் பயன்படாது. இது கிருமியால் வந்த காய்ச்சல் அல்ல.

வராமல் தடுக்க நம் பாட்டிமார் சொன்னதே போதும்: தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர், உப்புப் போட்ட மோர், தளர்வான பருத்தி உடை, உச்சி வெயிலில் ஓய்வு. புதிதாக வெயில் வேலைக்கு வருபவரின் உடம்பு பழக ஒன்று, இரண்டு வாரம் ஆகும். முதல் நாளே முழு வேலை வாங்குவது ஆபத்து.

எண்ணினால்தான் தெரியும்

2015ல் இந்தியாவில் வெயில் 2,000க்கும் மேற்பட்டவர்களைப் பலி வாங்கியது. ஆந்திராவும் தெலங்கானாவும் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டன. 2016ல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வெப்ப அலைக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலால் இறந்தவரின் குடும்பத்துக்கு இனி நிவாரணம் உண்டு.

ஆனால் நிவாரணம் கிடைக்க வேண்டுமானால், அவர் வெயிலால்தான் இறந்தார் என்று ஒருவர் எழுத வேண்டும். சாலை போடும்போது சுருண்டு விழுந்தவரின் சான்றிதழில் "மாரடைப்பு" என்று மட்டும் இருந்தால், அந்தக் குடும்பத்துக்குப் பணமும் வராது, அரசாங்கத்தின் கணக்கிலும் அவர் இருக்க மாட்டார். அகமதாபாத்தில் வெயிலின் உண்மையான பலியைக் காட்டியது 1,344 என்ற அந்த எண். அதற்குள் இருந்தவர்களில் பெரும்பாலோர் முதலில் வேறு ஏதோ ஒரு தலைப்பின் கீழ்தான் எழுதப்பட்டிருந்தார்கள்.