அரையர் என்னும் பட்டம்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் 12 கிலோமீட்டர். ஓர் ஊரில் ராஜாக்கள், அடுத்த ஊரில் அரையர்கள். ராஜபாளையத்தின் பெயர்க் காரணம் விளக்கம் வேண்டாதது. ஆந்திரப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய ராஜுக்களின் பாளையம் அது. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதல்வராக இருந்த குமாரசாமி ராஜா அந்த ஊர்க்காரர்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் அரையரோ படை வைத்தவரில்லை, நாடு ஆண்டவரில்லை. கையில் தாளத்தோடு பெருமாள் முன்னால் நின்று ஆழ்வார் பாசுரங்களைப் பாடி அபிநயம் பிடிப்பவர். அவருக்கு எப்படி வந்தது அரசன் பெயர்?

சொல்லிலிருந்து தொடங்குவோம். ரகரம் தமிழில் மொழிமுதலாக வராது. முன்னால் ஓர் உயிரெழுத்து வந்து நிற்கும். ராமன் இராமன் ஆனதும் இப்படித்தான். ராஜன் அரசன் ஆனான். நம் பேச்சில் உயிர் உசிராவது போலச் சகரமும் யகரமும் இடம் மாறிக்கொள்ளும். அதனால் அரசனுக்குப் பக்கத்திலேயே அரையன் நிற்கிறான். பழைய இலக்கியத்தில் அரைசு என்ற வடிவமும் உண்டு. அரசு வடமொழி வழி வந்ததில்லை, தமிழ்ச் சொல்லே என்று மொழியறிஞர் பாவாணர் வழி நிற்பவர்கள் வாதிடுவார்கள். எந்தப் பக்கம் நின்றாலும் அரையன் என்றால் அரசன் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. முத்தரையர், பல்லவராயர் எல்லாம் இந்தக் குடும்பம்தான். பாதியைக் குறிக்கும் ‘அரை’க்கும் இதற்கும் தொடர்பு கிடையாது.

அரையர் தலையில் வைக்கும் குல்லாயைப் பார்த்துவிட்டு அதனால்தான் இந்தப் பெயர் என்று சொல்வதுண்டு. கூம்பாக உயர்ந்து, இரு காதையும் மூடித் தொங்கும் அந்த வெல்வெட் குல்லாய் கிரீடம் போலத்தான் இருக்கிறது. ஆனாலும் குல்லாயிலிருந்து பெயர் வந்தது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளைப் பாருங்கள். கலையில் தேர்ந்தவர்களுக்கு அன்று பேரரையன், மாராயன் என்று பட்டம் கொடுத்திருக்கிறார்கள். வாத்தியக்காரர் ‘வாச்சிய மாராயன்’. தன் தொழிலில் தலைவனாக நின்றவனை அரசன் பெயரால் அழைத்த காலம் அது. அரையரின் பெயரும் அந்த வரிசையில் வந்ததுதான் என்பது என் முடிவு. ராமானுஜருக்கு ஆசிரியராக இருந்தவர்களில் ஒருவர் திருவரங்கப் பெருமாள் அரையர், வைணவ ஆசாரியர் ஆளவந்தாரின் திருமகனார். ஆக 11ஆம் நூற்றாண்டிலேயே இந்தப் பெயர் கோயிலுக்குள் வேரூன்றிவிட்டது. பட்டம் கொடுத்த அரசர்கள் போய்விட்டார்கள். பட்டம் பாடுகிறவரிடம் தங்கிவிட்டது.

மரபோ இன்னும் பின்னால் போகிறது. ஆழ்வார் பாசுரங்களின் தொகுப்பான நாலாயிரத் திவ்யப் பிரபந்தத்தை மீட்டெடுத்த நாதமுனிகள், தம் மருமக்கள் கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் இருவருக்கும் அதைப் பண்ணோடு கற்பித்தார் என்பது வைணவர் சொல்லும் வரலாறு. அரையர்களுக்கு ‘விண்ணப்பம் செய்வார்’ என்று இன்னொரு பெயரும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த பெயர் அது. ஊருக்கு அரசனாக நிற்பவர், பெருமாள் முன்னால் விண்ணப்பக்காரர்.

அரையரின் இந்தக் கலைக்கு அரையர் சேவை என்று பெயர். ‘சேவை’ என்ற சொல்லையும் விட்டுவிடக் கூடாது. வடமொழியில் அது தொண்டு. வைணவர் பேச்சிலோ தரிசனம்: ‘பெருமாளைச் சேவிச்சுட்டு வந்தோம்’ என்பார்கள். அரையர் சேவை என்ற தொடரில் இரண்டு பொருளும் இருக்கின்றன. அவர் செய்வதும் சேவை, நாம் கண்டு வணங்குவதும் சேவை.

அரையர் சேவையில் முத்துக்குறி என்றொரு பகுதி. காதல் நோயில் மகள் வாடுகிறாள்; தாய் கலங்கிப் போய்க் கட்டுவிச்சியைக் கூப்பிடுகிறாள்; அவள் முத்துகளைக் கொண்டு குறி பார்த்து, நோய்க்குக் காரணம் பெருமாளே என்கிறாள். மகள், தாய், கட்டுவிச்சி மூவரும் அரையர் ஒருவரே. வேடம் மாற்றுவதில்லை, திரை இல்லை. குரலும் கையும் கண்ணும்தான். பாசுரத்தைப் பாடி, அபிநயித்து, உரையும் சொல்லிவிடுவார்.

ஸ்பெயினின் ஃபிளமெங்கோவில் இந்த வேலைகள் பிரிந்திருக்கும். பாடுகிறவர் ஒருவர், கிதார் வாசிப்பவர் ஒருவர், காலால் தரையில் தாளம் எழுப்பி ஆடுகிறவர் ஒருவர், பக்கத்தில் கைதட்டித் தாளம் பிடிப்பவர்கள். அந்தப் பெயரின் கதையும் விசித்திரமானது. ஸ்பானிய மொழியில் ஃபிளமெங்கோ என்றால் ஃபிளாண்டர்ஸ் நாட்டுக்காரர். பூநாரைக்கும் அதுவே பெயர். ஆண்டலூசியாவின் ஜிப்சிகளிடம் வளர்ந்த கலைக்கு 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பெயர் ஏன் ஒட்டியது என்று அறிஞர்கள் இன்றும் ஒருமித்துச் சொல்லவில்லை. அந்நியன் பெயரைச் சுமந்தே அது உலகமெங்கும் தியேட்டர்களை நிரப்புகிறது. 2010இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது.

நம் கலைக்குக் கிடைத்ததோ அரசன் பெயர். ஆனால் ஒரு காலத்தில் பல திவ்யதேசங்களில் நடந்த அரையர் சேவை தமிழ்நாட்டில் இன்று ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி என்று சுருங்கிவிட்டது. மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக்கு முன்னால் பகல்பத்து, அன்று முதல் இராப்பத்து. ராஜபாளையம் பக்கத்துக்காரர்களுக்குப் பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். அரையர் சேவை எத்தனை மணிக்கு என்று கோயிலில் கேட்டுக்கொண்டு, வரும் மார்கழியில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்ச் சேவித்துவிட்டு வாருங்கள்.