விமானப் பணிப்பெண்ணும் சட்டப் புத்தகமும்

ஆகாய விமானத்தில் பயணம் செய்தவர்களிடம் விமானப் பணிப்பெண் யார் என்று கேட்டால், புன்னகையுடன் வரவேற்பவர், தட்டில் காப்பியும் சிற்றுண்டியும் கொண்டுவந்து வைப்பவர் என்றே பெரும்பாலோர் சொல்வர். அது அவருடைய வேலையில் ஒரு பகுதிதான். ஆனால் அவர் விமானத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் விதிப்பது அதற்காக அன்று. ஒரு பெரிய விமானத்தின் வாசல்களில் பாதியை அடைத்துவிட்டு, மற்றப் பாதியின் வழியாக 90 விநாடிகளுக்குள் அத்தனை பேரையும் வெளியேற்றிக் காட்டினால்தான், அவ்வகை விமானம் பயணிகளை ஏற்றிச் செல்ல அமெரிக்க அரசு அனுமதி வழங்குகிறது. புகை சூழ்ந்த இருளில் அந்தக் கதவைத் திறக்க வேண்டியவரும், குதிக்க அஞ்சி நிற்பவரைப் பிடித்துத் தள்ள வேண்டியவரும் பணிப்பெண்ணே. இதற்குரிய மதிப்பைச் சட்டப் புத்தகத்தில் எழுதச் செய்வதற்கு அமெரிக்காவில் அவர்களுடைய தொழிற்சங்கத்துக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த வரலாற்றையே இங்கே சொல்ல விரும்புகிறேன்.

1930ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் தேதி எலன் சர்ச் என்ற மங்கை ஓக்லண்டு நகரிலிருந்து சிகாகோவுக்குப் புறப்பட்ட விமானத்தில் பணியேற்றார். உலகின் முதல் விமானப் பணிப்பெண் அவரே. அவரும் அவருடன் சேர்ந்த எழுவரும் பயிற்சி பெற்ற நர்ஸுகள். நர்ஸ் ஒருத்தி உடனிருந்தால் பறப்பதற்கு அஞ்சும் மக்கள் துணிந்து ஏறுவார்கள் என்று கம்பெனி கருதியது. ஆகவே தொடக்கத்திலேயே இந்தத் தொழிலில் உயிர்காக்கும் நோக்கம் கலந்திருந்தது. 1936இல் பென்சில்வேனியா மலையில் ஒரு விமானம் விழுந்து நொறுங்கியபோது, நெல்லி கிரேஞ்சர் என்ற பணிப்பெண் உயிர் தப்பிய பயணிகளுக்கு உதவி செய்துவிட்டு, காயத்தோடு காட்டு வழியே நடந்து சென்று தொலைபேசியைக் கண்டுபிடித்துச் செய்தி சொன்னார். பத்திரிகைகள் அவரை வீராங்கனை என்று புகழ்ந்தன. ஆனால் புகழ்ச்சி வேறு, சட்டம் வேறு. பணிப்பெண் மணமாகாதவராக இருக்க வேண்டும். இளமையும் மெலிந்த உடலும் உடையவராக இருக்க வேண்டும். திருமணம் செய்துகொண்டால் மறுநாளே வேலை போய்விடும். இவையே கம்பெனிகள் வகுத்த விதிகள்.

1945இல் ஏடா பிரௌன் என்ற பணிப்பெண் தம் தோழியர் சிலருடன் கூடி ஒரு சங்கத்தை நிறுவினார். மறு ஆண்டே அச்சங்கம் கம்பெனியோடு முதல் ஒப்பந்தம் செய்துகொண்டது. சம்பளம் உயர்ந்தது; மாதத்தில் இத்தனை மணிநேரத்துக்கு மேல் பறக்க வேண்டியதில்லை என்ற வரம்பும் ஏற்பட்டது. ஆனால் 1947இல் ஏடா பிரௌன் மணம் புரிந்துகொண்டார். தாம் தோற்றுவித்த சங்கத்தை விட்டும், வேலையை விட்டும் அவரே விலக வேண்டியதாயிற்று!

ஒப்பந்தத்தால் ஆகாதது பல உண்டு என்பதைச் சங்கம் விரைவில் கண்டது. கம்பெனிக்குக் கம்பெனி ஒப்பந்தம் மாறும். சட்டமோ எல்லோருக்கும் ஒன்று. ஆதலால் வாஷிங்டன் நகருக்குச் சென்று, காங்கிரஸ் என்னும் அந்நாட்டுப் பாராளுமன்றத்தின் உறுப்பினர்களை நேரில் கண்டு வாதாடும் முறையை அது மேற்கொண்டது. சபைக்கு வெளியே உள்ள கூடத்தில் காத்திருந்து பேசுவதால் இதற்கு 'லாபி' என்று பெயர். செல்வாக்குள்ள வியாபாரிகளும் கம்பெனிகளுமே நன்கு பழகியிருந்த வழி அது.

1950களில் சங்கம் கேட்டது அரசாங்க லைசென்ஸ். விமானிக்கு லைசென்ஸ் உண்டு. இயந்திரத்தைப் பழுது பார்ப்பவருக்கு உண்டு. பயணிகளின் உயிரைக் காக்கும் எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை என்பது அவர்களுடைய வாதம். இதற்கும் திருமணத் தடைக்கும் இருந்த தொடர்பை மாணவர்கள் கவனிக்க வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுகளில் ஒருத்தி போய் வேறொருத்தி வருவதாக இருந்தால் சம்பள உயர்வு குறையும். ஓய்வூதியச் சுமையும் இல்லை. ஆனால் அனுபவம் முதிர்ந்தவர் ஆபத்துக் காலத்தில் அருகே இருக்கமாட்டார். லைசென்ஸ் பெற்ற நிபுணர் என்று ஒப்புக்கொண்டுவிட்டால், அழகும் இளமையும்தான் தகுதி என்ற பேச்சு எப்படி நிற்கும்? கோரிக்கை நெடுங்காலம் கிடப்பில் கிடந்தது.

1953இல் ஒரு பெரிய கம்பெனி 32 வயதானவுடன் பணிப்பெண்கள் விலக வேண்டும் என்று விதித்தது. அதற்கு முன்பே சேர்ந்திருந்த டஸ்டி ரோட்ஸ் என்பவருக்கு அந்த விதி பொருந்தாது. இருந்தும் பிறருக்காக அவர் லாபி செய்தார். பறக்காத நாள்களில் வாஷிங்டனில் உறுப்பினர்களின் அலுவலகங்களுக்குப் போய் வந்தார். விமானத்தில் தாம் உணவு பரிமாறிய உறுப்பினர்களோடு அங்கேயே பேசியதும் உண்டு. என் பார்வையில் இவ்வளவு மலிவான லாபி வேறில்லை. 1964இல் குடிமை உரிமைகள் சட்டம் நிறைவேறியது. வேலையில் ஆண், பெண் என்று வேற்றுமை காட்டலாகாது என்ற விதி அதில் இடம்பெற்றது. 1965இல் அச்சட்டத்தைச் செயற்படுத்தும் ஆணையம் திறந்தவுடன் முதலில் முறையிட்டவர்களுள் ரோட்ஸும் ஒருவர். 1968இல் வயது வரம்பும் திருமணத் தடையும் சட்டத்துக்கு மாறானவை என்று ஆணையம் முடிவு கூறியது. 1971இல் ஒரு மேல்நீதிமன்றத் தீர்ப்பு ஆண்களுக்கும் இந்த வேலையைத் திறந்துவிட்டது.

அடுத்த போர் புகையிலைப் புகையோடு. 1973இல் விமானத்தில் புகைப்போருக்குத் தனி வரிசைகள் ஒதுக்கப்பட்டன. மூடிய குழாய் போன்ற ஓரிடத்தில் இருபதாம் வரிசையின் புகை பத்தொன்பதாம் வரிசைக்கு வராது என்று யார் நம்பினார்களோ! பயணி சில மணி நேரத்தில் இறங்கிப் போய்விடுவார். பணியாளர் நாள்தோறும் அதைச் சுவாசித்தார். சங்கம் பாராளுமன்றத்தில் சாட்சியம் சொல்லிற்று. புகையிலைக் கம்பெனிகள் எதிர்த்து நின்றன. 1987 ஜூலையில் ரிச்சர்ட் டர்பின் கொண்டுவந்த திருத்தம் பிரதிநிதிகள் சபையில் 198க்கு 193 என்ற வாக்கில் தேறியது. மூன்று பேர் மனம் மாறியிருந்தால் தோற்றிருக்கும். 1988இல் இரண்டு மணி நேரத்துக்கு உட்பட்ட உள்நாட்டுப் பயணங்களிலும், 1990இல் ஆறு மணி நேரம் வரையுள்ள பயணங்களிலும், 2000இல் அமெரிக்காவுக்கு வந்துபோகும் எல்லாப் பயணங்களிலும் புகைத்தல் தடை செய்யப்பட்டது.

லைசென்ஸ் கோரிக்கை என்னவாயிற்று? 2001 செப்டம்பர் 11ஆம் நாள் கடத்தப்பட்ட நான்கு விமானங்களில் 25 பணியாளர்கள் உயிரிழந்தனர். அவர்களுள் ஒருவரான பெட்டி ஆங், விமானத்திலிருந்து தொலைபேசியில் பேசி, உள்ளே நடப்பதை நிதானமாகத் தரைக்குத் தெரிவித்தார். 2003இல் நிறைவேறிய சட்டம், பணியாளர் ஒவ்வொருவருக்கும் அரசாங்கம் தேர்ச்சிச் சான்றிதழ் வழங்க வகை செய்தது. 1950களில் கேட்டது அப்போதுதான் கைக்கு வந்தது.

ஓய்வு நேரத்தின் கதை இதைவிட மெல்ல நகர்ந்தது. 1994 வரையில் பணியாளர்கள் இத்தனை மணி நேரம் ஓய்வு பெற வேண்டும் என்ற அரசாங்க விதியே இல்லை. அவ்வாண்டு 14 மணி வேலைக்குப்பின் 9 மணி ஓய்வு என்று விதி வந்தது. அதையும் 8 மணியாகக் குறைக்க இடமிருந்தது. அந்த 8 மணியில்தான் விமான நிலையத்திலிருந்து விடுதிக்குப் போக வேண்டும், உண்ண வேண்டும், குளிக்க வேண்டும், விடியுமுன் திரும்பவும் வேண்டும். உறங்கியது ஐந்து மணியோ, நான்கோ! ஆபத்து வந்தால் 90 விநாடிக்குள் செயற்பட வேண்டியவர் இவர். அதே விமானத்தை ஓட்டி, அதே விடுதியில் தங்கும் விமானிகளுக்கோ 2014 முதல் 10 மணி ஓய்வு உறுதியாயிற்று. சங்கம் மறுபடியும் காங்கிரஸின் கதவைத் தட்டியது. 2018 அக்டோபரில் நிறைவேறிய சட்டம் பணியாளருக்கும் குறைக்க முடியாத 10 மணி ஓய்வு வேண்டும் என்றும், அதற்கான விதியை 30 நாளில் வெளியிட வேண்டும் என்றும் கட்டளையிட்டது. விமானப் போக்குவரத்து நிர்வாகம் அந்த விதியை வெளியிட்டது 2022 அக்டோபரில். தங்கள் வேலை அட்டவணைகளை அதற்கேற்பத் திருத்திக்கொள்ளக் கம்பெனிகளுக்கு மேலும் 90 நாள் அவகாசம் தரப்பட்டது.