மர டாக்டரும் மரம் வெட்டுறவரும்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் திருத்தியிருக்கிறோம்.)



அக்டோபர் பொறந்ததும் சென்னையில வீட்டுக்கு வீடு ஒரு கேள்வி வரும்: "இந்த மரம் இந்த மழைக்குத் தாங்குமா?" 2016 டிசம்பர் 12-ஆம் தேதியைப் பார்த்தவங்களுக்கு இந்தப் பயம் நல்லாவே புரியும். வர்தா புயல் கரையைக் கடந்த அந்த ஒரே நாள்ல ஆயிரக்கணக்கான மரங்கள் சாஞ்சது. கார் மேல, காம்பவுண்ட் சுவர் மேல, கரண்ட் கம்பி மேல. அடுத்த பல நாள் எந்தத் தெருவுக்குப் போனாலும் செயின்சா சத்தம்தான்.

அதுக்கப்புறம் நம்மள்ல நிறைய பேர் போன்ல ஆள் தேட ஆரம்பிச்சோம். "பெரிய மரம் ஒண்ணு எடுக்கணும், எவ்வளவு ஆகும்?" இன்னைக்கு எபிசோட் அந்தத் தொழிலோட வரலாறு. காசு வாங்கிக்கிட்டு, வீட்டை ஒட்டி நிக்கிற ஆபத்தான மரத்தை எடுத்துத் தர்ற கம்பெனி எங்கிருந்து வந்துச்சு?

மரம் வெட்டுறது ஆதிகாலத்து வேலை, அதுல சந்தேகமே இல்ல. ஆனா காட்டுல வெட்டுறதும் வீட்டுக்குப் பக்கத்துல வெட்டுறதும் வேற வேற. காட்டுல மரத்தை அப்படியே சாய்ச்சிடலாம். வீட்டுப் பக்கம்னா உச்சியில இருந்து துண்டு துண்டா அறுத்து, ஒவ்வொண்ணையும் கயித்துல கட்டிக் கீழ இறக்கணும். அறுக்கிறவர் அதே மரத்துல தொங்கிக்கிட்டு இருப்பார். இது ஊர் பெருத்த பிறகு வந்த தொழில்.

இதுல எனக்கு ஆச்சரியமா இருந்தது என்னன்னா, இது மரம் வெட்டுற தொழிலா ஆரம்பிக்கவே இல்ல.

கல்லறைத் தோட்டத்துல ஒரு வைத்தியர்

ஜான் டேவி. 1846-ல இங்கிலாந்துல பிறந்தவர். தோட்ட வேலை கத்துக்கிட்டு 1870-கள்ல அமெரிக்காவுக்குப் போனார். ஒஹையோ மாநிலத்துல கென்ட்னு ஒரு சின்ன ஊர். அங்க கல்லறைத் தோட்டத்தைப் பராமரிக்கிற வேலை கிடைச்சுது. அங்க நின்ன நோஞ்சான் மரங்களை ஒவ்வொண்ணா சரி பண்ணார். காஞ்ச கிளையை முறையா எடுக்கிறது, பொந்தைச் சுத்தம் பண்றது, வேருக்குக் காத்தும் தண்ணியும் போக வழி பண்றதுன்னு வேலை பண்ணார்.

1901-ல ஒரு புத்தகம் போட்டார். பேர், 'தி ட்ரீ டாக்டர்'. 1909-ல அவர் பேர்லயே கம்பெனி பதிவாச்சு. வேலைக்கு வர்றவங்களுக்குப் பாடம் சொல்லித்தர ஒரு பயிற்சிப் பள்ளியும் அதே காலத்துல வந்துச்சு. அந்தக் கம்பெனி இன்னைக்கும் இருக்கு. அவர் மகன் மார்ட்டின் டேவி பின்னாடி அந்த மாநில ஆளுநராவே ஆனார்.

டேவி சொன்னது இதுதான்: மரத்தைப் பார்க்கத் தெரிஞ்ச ஒருத்தர், வெட்டுறதுக்கு முன்னாடி வந்து பார்க்கணும். நமக்கு இது சாதாரணமாத் தோணலாம். அன்னைக்கு இதுக்குக் காசு கேட்கிறதே புதுசு.

காசு வந்தா போலியும் வரும் இல்லையா? பொந்துல சிமென்ட் அடைக்கிறது, காயத்துக்குப் பெயின்ட் பூசறது, ஏதோ ஒரு மருந்தைத் தெளிக்கிறதுன்னு வீடு வீடா ஏறி இறங்குற 'டாக்டர்கள்' பெருகினாங்க. அதனால 1919-ல கனெக்டிகட் மாநிலம் ஒரு சட்டம் கொண்டு வந்துச்சு. காசு வாங்கிட்டு அடுத்தவங்க மரத்துல வேலை பண்ணணும்னா பரீட்சை எழுதி உரிமம் வாங்கணும். அந்த முயற்சியோட தொடர்ச்சியா 1924-ல நடந்த ஒரு மாநாட்டுல இருந்துதான் இன்னைக்கு உலகம் முழுக்க மர வல்லுநர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கிற சர்வதேச அமைப்பு வளர்ந்துச்சு.

வைத்தியம் வெட்டா மாறின கதை

அப்புறம் 1930. ஐரோப்பாவுல ஏற்கெனவே எல்ம் மரங்களைக் கொன்னுக்கிட்டு இருந்த ஒரு பூஞ்சை நோய் அமெரிக்காவுக்கு வந்துச்சு. மரச்சாமான் செய்ய இறக்குமதி பண்ண எல்ம் கட்டைகள்ல ஒளிஞ்சு வந்த வண்டுகள்தான் இதைக் கொண்டு வந்ததுங்க. முதல்ல கண்டுபிடிச்சது அதே ஒஹையோ மாநிலத்துல.

அந்த ஊர்கள்ல எல்ம் மரம்னா நம்ம ஊர்ல தூங்குமூஞ்சி மரம் மாதிரி. தெருவோட ரெண்டு பக்கமும் வரிசையா நின்னு மேல கூரை மாதிரி கூடிக்கும். ஒரே ஜாதி மரத்தை வரிசையா நட்டதால நோயும் வரிசையாப் பரவுச்சு. வேர் வழியாவே பக்கத்து மரத்துக்குப் போச்சு. அடுத்த சில பத்தாண்டுகள்ல கோடிக்கணக்கான மரங்கள் போச்சு. செத்த மரத்தை விட்டு வைக்கவும் முடியாது, ஏன்னா வண்டு அதுலதான் குஞ்சு பொரிக்கும். சீக்கிரம் எடுக்கணும், அதுவும் வீடுகளுக்கு நடுவுல இருந்து எடுக்கணும். மரத்தைக் காப்பாத்தக் கத்துக்கிட்டவங்க, மரத்தை அப்புறப்படுத்துறதையே பெரிய வேலையாப் பண்ண வேண்டியதாச்சு.

கருவியும் அப்போதான் மாறுச்சு. 1926-ல ஜெர்மனியில ஆண்ட்ரியாஸ் ஷ்டில் மின்சாரத்துல ஓடுற செயின்சாவை உருவாக்கினார். 1929-ல பெட்ரோல்ல ஓடுறது வந்துச்சு. ரெண்டுக்கும் ரெண்டு ஆள் வேணும், அவ்வளவு கனம். 1946-ல அமெரிக்காவுல ஓரிகன் மாநிலத்துல ஜோ காக்ஸ்னு ஒரு மரம் வெட்டுறவர், கட்டையைக் குடையுற ஒரு புழுவைக் கவனிச்சார். அது தாடையை இடமும் வலமுமா மாத்தி மாத்தி அறுத்து உள்ள போகுது. அதே மாதிரி பல்லு வெச்சு ஒரு செயினை வடிவமைச்சார். இன்னைக்கு உங்க தெருவுல கேக்கிற செயின்சாவோட பல் வடிவம் அந்தப் புழுகிட்ட இருந்து வந்ததுதான். 1950-கள்ல ஒரே ஆள் தூக்குற மாதிரி எடை குறைஞ்சுது. ஒரு நாள் முழுக்க எடுத்த வேலை ஒரு மணி நேரத்துக்கு வந்துச்சு.

வெட்டுறது சுலபமானதும், வெட்டலாமா வேணாமான்னு யோசிக்கிற நேரமும் குறைஞ்சு போச்சு. நம்ம பிரச்சினை இங்கதான் ஆரம்பிக்குதுன்னு நான் நினைக்கிறேன்.

பொந்து இருந்தா விழுந்துடுமா?

அதே செயின்சாவை வெச்சு ஒருத்தர் வேற வேலை பண்ணார். அலெக்ஸ் ஷிகோ. 1959-ல அமெரிக்க வனத்துறையில ஆராய்ச்சியாளரா சேர்ந்தவர். அதுவரைக்கும் மரத்தைக் குறுக்க அறுத்துப் பார்த்தாங்க. இவர் நெடுக்குவாட்டுல, உச்சியில இருந்து அடி வரைக்கும் பொளந்து பார்த்தார். ஆயிரக்கணக்கான மரங்களை.

அவர் கண்டது இது. நமக்குக் காயம் பட்டா பழைய சதை போய்ப் புதுச் சதை வரும். மரத்துக்கு அப்படி இல்ல. அழுகின இடத்தைச் சுத்தி மரம் தனக்குள்ளேயே சுவர் எழுப்புது. அழுகல் சுவருக்கு உள்ள, புதுசா வளர்ற கட்டை சுவருக்கு வெளிய. 1977-ல இதை முழுசா எழுதி வெளியிட்டார். இதனால பழைய வைத்தியம் பலதும் தப்புன்னு தெரிஞ்சுது. பொந்தைச் சுத்தம் பண்றேன்னு சுரண்டினா மரம் கட்டின சுவரை நாமளே இடிக்கிறோம். கிளையைத் தண்டோட ஒட்ட அறுத்தா, அந்த இணைப்புல இருக்கிற கழுத்துப் பகுதியும் போயிடுது, காயம் மூடாது. ஜான் டேவி காலத்துச் சிமென்டும் பெயின்டும் இதோட மதிப்பிழந்துச்சு.

1990-கள்ல ஜெர்மனியைச் சேர்ந்த கிளவுஸ் மாட்டெக் இன்னொண்ணு சொன்னார். பொந்து இருக்கான்னு கேட்காதீங்க, சுத்தி மிச்சம் இருக்கிற கட்டை எவ்வளவு தடிமன்னு கேளுங்க. அது தண்டோட ஆரத்துல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு இருந்தா மரம் பெரும்பாலும் தாங்கும்னார். இந்தக் கணக்கு எல்லா மரத்துக்கும் பொருந்துமான்னு வல்லுநர்களுக்குள்ள வாதம் ஓயல. ஆனா அடிப்படை நமக்குத் தெரிஞ்சதுதான். மூங்கில் உள்ள வெறும் காலி, காத்துல எப்படி நிக்குது பாருங்க.

கோர்ட்டு கேட்ட கேள்வி

மரம் விழுந்து யாருக்காவது அடிபட்டா யார் பொறுப்பு? 1926-ல இங்கிலாந்துல ஒரு வழக்கு. சாலை மேல நீட்டிக்கிட்டு இருந்த பீச் மரக்கிளை ஒண்ணு, காத்தும் மழையும் இல்லாத நாள்ல ஒடிஞ்சு ஒரு பஸ் மேல விழுந்துச்சு. உள்ள இருந்த குறை வெளியில தெரியக்கூடியது இல்ல, கவனமா பார்த்திருந்தாலும் தெரிஞ்சிருக்காது, அதனால மரத்துக்காரர் பொறுப்பில்லைன்னு தீர்ப்பு.

நம்ம நாட்டுலயும் ஒண்ணு. 1964-ல டெல்லியில ஸ்கூட்டர்ல போன ஒருத்தர் தலையில சாலையோர மரத்தோட கிளை விழுந்து இறந்துட்டார். மரம் காஞ்சு போயிருந்தது. பட்டுப்போனது பார்த்தாலே தெரியும். அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 1999-ல தீர்ப்பாச்சு. குறிப்பிட்ட இடைவெளியில மரங்களைப் பார்த்து, ஆபத்தானதை அகற்றியிருக்க வேண்டியது மாநகராட்சியோட கடமை, அதைச் செய்யலைன்னு சொல்லிட்டாங்க. அந்தக் குடும்பம் காத்திருந்தது 35 வருஷம்.

ரெண்டு தீர்ப்பும் எதிரெதிர். ஆனா ரெண்டுலயும் கேள்வி ஒண்ணுதான்: பார்த்திருந்தா தெரிஞ்சிருக்குமா? வெட்டுனியா இல்லையாங்கிறது அதுக்கு அப்புறம்தான்.

எங்க அப்பார்ட்மென்ட்ல நடந்தது

இதெல்லாம் படிச்சுக்கிட்டு இருந்தப்போதான் எங்க குடியிருப்புலயும் இந்தப் பேச்சு வந்துச்சு. பார்க்கிங் ஓரமா பெரிய தூங்குமூஞ்சி மரம். தென்னமெரிக்கப் பக்கத்துல இருந்து வந்த மரம், நிழலுக்காக நம்ம ஊர் முழுக்க நட்டது. ஒரு கம்பெனியைக் கூப்பிட்டோம். வந்தவர் அஞ்சு நிமிஷம் சுத்திப் பார்த்தார். "உள்ள பொந்து சார், எப்ப வேணா விழும். கட்டையை நாங்களே எடுத்துக்கிட்டா கூலியில கழிச்சுக்கலாம்"னார். ரெண்டாவது மாடி அக்கா ஒரே கேள்விதான் கேட்டாங்க: "மரம் ஆபத்துன்னு சொல்றதும் நீங்க, கட்டையை எடுத்துட்டுப் போறதும் நீங்களா தம்பி?"

அதனால வெட்டுற வேலையோட சம்பந்தமே இல்லாத, மரம் பார்க்கத் தெரிஞ்ச ஒரு பெரியவரைத் தனியா காசு கொடுத்து அழைச்சோம். அவர் மரச்சுத்தியால தண்டைத் தட்டித் தட்டிக் கேட்டார். பொந்து சின்னது, பெருசா கவலை இல்லைன்னார். அப்புறம் கீழ உக்கார்ந்து மண்ணைப் பார்த்தார். வடிகாலுக்குப் பள்ளம் தோண்டினப்போ ஒரு பக்கத்து வேர் மொத்தமும் போயிருக்கு. மறு பக்கம் மண் லேசா தூக்கிக்கிட்டு வெடிச்சிருக்கு. "மரத்தை எடுக்கத்தான் வேணும். ஆனா இதுல ஆளை ஏத்தாதீங்க"ன்னார்.

முடிவு ஒண்ணுதானே, எடுக்கத்தானே சொன்னார்னு நீங்க கேக்கலாம். வித்தியாசம் மரத்துல ஏறப்போற பையனுக்கு. பொந்துதான் பிரச்சினைன்னு நம்பியிருந்தா, அவர் இடுப்புக் கயித்தை அதே மரத்துல கட்டிக்கிட்டு உச்சிக்குப் போயிருப்பார். மேல இருந்து கனமான கிளையை அறுத்து விடுற அதிர்ச்சியில வேர் இல்லாத மரம் மொத்தமா சாஞ்சிருக்கலாம். வேர் போயிடுச்சுன்னு தெரிஞ்சதால கிரேன் வந்துச்சு. ஆள் மரத்தைத் தொடாம கூண்டுல நின்னு அறுத்தார். செலவு கூடுச்சு, அதுக்கு மீட்டிங்ல சண்டையும் நடந்துச்சு. கொடுத்துட்டோம்.

அப்போ என்ன கேட்கணும்?

இந்த நூறு வருஷக் கதையில இருந்து நான் எடுத்துக்கிட்டது: பார்க்கிறது ஒரு வேலை, வெட்டுறது இன்னொரு வேலை. முடிஞ்சா ரெண்டுக்கும் வேற வேற ஆளுக்குக் காசு கொடுங்க. ஆபத்துன்னு சொன்னா, ஆபத்து எங்கன்னு கேளுங்க. வேர்லயா, தண்டுலயா, ஒரு கிளையிலயா? ஒரு கிளைதான்னா அதை மட்டும் முறையா எடுக்கலாம். "மொட்டை அடிச்சு விட்டுடலாம்"னு சொன்னா வேண்டாம்னு சொல்லுங்க. அப்படி வெட்டினா வெட்டுன இடம் அழுகி, அதுலயே பலமில்லாத கிளைகள் கொத்தா வரும். அஞ்சாறு வருஷத்துல முன்னைவிட ஆபத்தாயிடும். ஏறுறவருக்கு ஹெல்மெட், பெல்ட், கயிறு எல்லாம் யார் தர்றாங்க, அடிபட்டா காப்பீடு இருக்கான்னு எழுத்துல வாங்குங்க.

சட்டத்தையும் விசாரிங்க. மகாராஷ்டிரா நகரங்களுக்கு 1975-லயும், கர்நாடகாவுல 1976-லயும், டெல்லியில 1994-லயும் மரப் பாதுகாப்புச் சட்டம் வந்தாச்சு. அங்கெல்லாம் மரம் உங்க காம்பவுண்டுக்குள்ள இருந்தாலும், சில விதிவிலக்குகள் தவிர, அனுமதி வேணும். நம்ம தமிழ்நாட்டுல மலைப்பகுதிகளுக்கு 1955-லயே சட்டம் இருக்கு. மரம் தெருவுல நின்னா அது உங்க வீட்டு வாசல்ல இருந்தாலும் உங்களோடது இல்ல, மாநகராட்சிகிட்டதான் போகணும்.

இதெல்லாம் அக்டோபர்ல வேண்டாம், ஏப்ரல், மே மாசத்துலயே பண்ணுங்க. மழை தலைக்கு மேல நிக்கிறப்போ யாருக்கும் பார்க்க நேரம் இருக்காது, வெட்ட மட்டும்தான் இருக்கும்.

உங்க தெருவுல ஒரு பெரிய மரத்தைப் பத்தி இப்படி ஒரு வாதம் நடந்திருந்தா, என்ன முடிவெடுத்தீங்க, யாரைக் கேட்டு எடுத்தீங்கன்னு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.