தியத்தலாவையும் பிரஜாவுரிமையும்

ஹப்புத்தளையைக் கடந்து பதுளையை நோக்கி இறங்கும் கோச்சி, பண்டாரவளையை அடையுமுன் தரித்துச் செல்லும் தியத்தலாவையை, மானாப்புல் மூடிய மலைகளுக்காகவும் குளிர்ந்த காற்றுக்காகவும் இராணுவப் பாசறைக்காகவும் ஊவாத் தோட்டங்களில் வாழ்வோர் நன்கறிவர். ஆயின் அச்சிற்றூருக்கு யூத குலத்தின் நெடிய சரித்திரத்திலும் ஓர் இடமுண்டு என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்த்ததில்லை.

கடற்கரையினின்றும் வெகுதூரம் விலகியிருந்தமையாலும், 1894ஆம் ஆண்டிலேயே ரயில் பாதை பண்டாரவளை வரை வந்துவிட்டமையாலும், அந்நியரை அடைத்துவைக்க ஏற்ற இடமென்று பிரித்தானியர் அதனைக் கண்டார்கள் போலும். 1900ஆம் ஆண்டில், தென்னாபிரிக்காவிற் சிறைபிடிக்கப்பட்ட போயர் வீரர் ஏறத்தாழ 5,000 பேர் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் மீளாதோரின் கல்லறைகள் இன்றும் அவ்வூரில் உண்டு. 1914இல் முதல் உலக யுத்தம் மூண்டபோது, தொடந்துவவிலே தீவு ஆசிரமத்தை நிறுவியிருந்த ஜெர்மானியப் பிக்கு ஞானதிலோகர் அங்கே காவலில் வைக்கப்பட்டு, பின்னர் அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டார். இருபத்தைந்து ஆண்டுகள் சென்று 1939இல் மறுபடியும் யுத்தம் வந்தபோது, முதுமையை எட்டிவிட்ட அதே துறவி அதே மலைக்கு மறுமுறையும் கைதியாக வந்து சேர்ந்தார். இம்முறை அவருடன் வந்த சீடர்களுள் ஒருவர் யூதர்.

சீக்மண்ட் ஃபெனிகர் என்ற பெயருடன் 1901இல் ஹானாவ் நகரத்து யூதக் குடும்பமொன்றில் ஒரே மகனாகப் பிறந்த அவர், இளமையிலேயே புத்ததர்மத்தில் ஈடுபாடு கொண்டு, ஹிட்லரின் ஆட்சி யூதரின் வாழ்வை நெருக்கத் தொடங்கியபின் 1936இல் இலங்கைக்கு வந்து ஞானதிலோகரிடம் தீட்சை பெற்று ஞானபொனிகர் ஆனார். விட்டுவந்த தாயை அவர் மறந்தாரல்லர். அந்த அம்மையாரையும் இத்தீவுக்கு வரவழைத்தார். கொழும்பில் சேர் ஏர்னெஸ்ட் டி சில்வாவின் குடும்பத்தார் ஆதரவளித்தனர். இவ்வாறு ஜெர்மனியின் கொடுமைக்குத் தப்பி வந்தவரையே, ஜெர்மனியிற் பிறந்த குற்றத்துக்காகப் பிரித்தானிய அரசு கம்பிவேலிக்குள் அடைத்தது. பின்னர் அவர் இமயமலை அடிவாரத்து டேராடூன் முகாமுக்கு மாற்றப்பட்டு, 1946இல்தான் விடுதலை பெற்றார். அவ்வாண்டுகளை அவர் வீணாக்கவில்லை. சுத்தநிபாதத்தின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு அந்தச் சிறைவாசத்திலே நிறைவெய்தியது.

இவ்விடத்தில் ஒரு சட்டத்தைக் குறிப்பிடாமல் மேலே செல்ல என்னால் இயலவில்லை. 1941ஆம் ஆண்டு நவம்பர் 25ஆந் திகதி, அந்நிய தேசங்களில் வசிக்கும் யூதர் எவரும் இனி ஜெர்மன் பிரஜையல்லர் என்று ஹிட்லரின் அரசு கட்டளை பிறப்பித்தது. ஜெர்மானியரென்று சிறைவைக்கப்பட்டிருந்த மனிதர், சிறையிலிருக்கும்போதே ஜெர்மானியரல்லர் என்று ஜெர்மனியாலேயே தள்ளப்பட்டார்.

இத்தகைய தள்ளுதல் ஐரோப்பாவுக்குப் புதிதன்று. போர்த்துக்கலில், ஸ்பானிய எல்லைக்கருகே குன்றின்மேல் அமைந்த காஸ்தேலோ டி விடே என்னும் சிற்றூரில், 1492இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதர் பலர் அடைக்கலம் புகுந்தனர். நான்கே ஆண்டுகளில் மன்னன் மானுவேல் அவர்களையும் வெளியேறப் பணித்து, 1497இல் வெளியேறும் வழியையும் அடைத்துக் கட்டாய ஞானஸ்நானம் கொடுப்பித்தான். அவ்வூரில் அத்தகைய குடும்பமொன்றிற் பிறந்த வைத்தியர் கார்சியா தா ஓர்த்தா 1534இல் கோவாவுக்கு வந்து, கீழ்த்திசை மூலிகைகளை ஆராய்ந்து, கறுவாவில் இலங்கைக் கறுவாவே சிறந்ததென்று கூறும் தம் பெருநூலை 1563இல் அங்கேயே அச்சேற்றினார். அவர் 1568இல் மறைந்தார். மறு ஆண்டு அவருடைய சகோதரி கத்தரீனா, இரகசியமாக யூத நெறியைப் பேணினாரென்று கோவாவில் உயிரோடு எரிக்கப்பட்டார். 1580இல் கார்சியாவின் எலும்புகளையும் தோண்டியெடுத்து எரித்தார்கள். அந்தப் போர்த்துக்கேயச் சாம்ராஜ்யத்தின் படைதான் 1630இல் கொன்ஸ்தந்தினு தெ சா என்ற தளபதியின் தலைமையில் ஊவாவுக்குள் புகுந்து, பதுளையைக் கொளுத்தி, திரும்பும் வழியில் வெல்லவாயவுக்கு அண்மையிலுள்ள ரந்தெனிவெலவில் தளபதியோடு அழிந்தது.

காஸ்தேலோ டி விடேயின் செங்குத்தான யூதத் தெருவும், தொழுகைக்கூடமாக இருந்ததென்று கருதப்படும் வீடும் இன்று பேணப்படுகின்றன. 1989இல் போர்த்துக்கல் ஜனாதிபதி மாரியோ சொவாரெஸ் அவ்வூரிலே நின்று யூதரிடம் தேசத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். துரத்தப்பட்டோரின் சந்ததியார் பிரஜாவுரிமை பெற வழிசெய்யும் சட்டம் 2015இல் நடைமுறைக்கு வந்தது. ஐந்து நூற்றாண்டு பிந்தினும், செய்யத்தக்கதைச் செய்தார்கள் என்றே நான் கொள்கிறேன்.

பிரஜாவுரிமை என்ற அச்சொல்லைத் தோட்டத்துத் தமிழர் எவரும் நெஞ்சு அதிராமற் கேட்பதில்லை. சுதந்திரம் கிடைத்த 1948ஆம் ஆண்டிலேயே நிறைவேறிய 18ஆம் இலக்கச் சட்டம், இங்கே பிறந்தவனிடமும் அவன் தந்தை இங்கே பிறந்தமைக்குச் சான்று கேட்டது. பிறப்பும் இறப்பும் முறையாகப் பதியப்படாத லயங்களில் அச்சான்று எங்கேயிருக்கும்? நமுனுகுலையிலும் பசறையிலும் மடுல்சீமையிலும் காடழித்துத் தேயிலை நட்ட கைகளுக்குரியோர் நாடற்றோராயினர். ஞானபொனிகரோ 1950களின் தொடக்கத்தில் இலங்கைப் பிரஜையாக ஏற்கப்பட்டு, 1958இல் கண்டியில் பௌத்த வெளியீட்டுச் சங்கத்தை நிறுவி, 1994இல் இம்மண்ணிலேயே மறைந்தார். அவருக்குக் கொடுத்தது முற்றிலும் தக்கதே. அதைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஊரற்று வந்த ஒருவரின் துயரை உணர்ந்து பிரஜையாக ஏற்கும் நெஞ்சு இத்தேசத்துக்கு இருந்தது. அந்நெஞ்சு தன் மலைகளிலேயே பிறந்தவர்களுக்கு ஏன் இரங்கவில்லை என்பதே என் வேதனை.

1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றோரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டு, மீதி 1,50,000 பேரின் விதியைப் பின்னொரு நாளுக்கு ஒத்திவைத்தது. தலைமன்னாருக்குக் கப்பலேறச் செல்வோரைச் சுமந்த வண்டியை மலைநாட்டு மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். பதுளையிலும் பண்டாரவளையிலும் ஏறியோருக்கு வேறு ரயில் பாதை கிடையாது. தியத்தலாவையைக் கடந்துதான் சென்றார்கள். எஞ்சியோருக்காக 1988இலும் 2003இலும் சட்டங்கள் நிறைவேறின. 1948இல் ஊவாத் தோட்டமொன்றின் லயத்திற் பிறந்து, இடைக்காலத்துப் பட்டியல்கள் எதிலும் பெயர் ஏறாத பெண்ணொருத்தி, அந்தக் கடைசிச் சட்டத்தால் பிரஜையானபோது, அவளுக்கு 55 வயது. கொழுந்துக் கூடையை இறக்கிவைக்கும் பருவம் வந்திருந்தது.