துப்பாக்கியில இருந்து புத்தகத்துக்கு

போன மாசம்தான் என்னோட கல்விக்கடன்ல கடைசித் தவணையைக் கட்டி முடிச்சேன். அதனாலயோ என்னவோ, அமெரிக்காவோட ஜி.ஐ. பில் கதையைப் படிச்சதும் கொஞ்சம் பொறாமையா இருந்துச்சு :-)

கதை 1932ல ஆரம்பிக்குது. முதல் உலகப்போர் வீரர்களுக்கு போனஸ் உண்டு, ஆனா 1945லதான் கைக்கு வரும்னு சட்டம். பொருளாதார மந்தத்துல வேலையில்லாம தவிச்சவங்க, "இப்பவே கொடுங்க"ன்னு வாஷிங்டன்ல போய்க் குடிசை போட்டாங்க. அரசாங்கம் ராணுவத்தை விட்டு, கண்ணீர்ப்புகை வீசி விரட்டுச்சு.

மறுபடி அப்படி ஆயிடக்கூடாதேங்கற பயமும் சேர்ந்துதான், 1944 ஜூன் 22ல ரூஸ்வெல்ட் இந்தச் சட்டத்துல கையெழுத்துப் போட்டார். காலேஜ் ஃபீஸ் வருஷத்துக்கு 500 டாலர் வரைக்கும். கல்யாணமாகாதவங்களுக்கு மாசச் செலவுக்கு 50 டாலர். எதையும் திருப்பிக் கட்ட வேண்டாம்!

தரம் போயிடும்னு ஹார்வர்டு தலைவர் கோனன்ட் கவலைப்பட்டார். ஆனா வந்தவங்க நல்லாவே படிச்சாங்க, பின்னாடி அவரே பாராட்டினார். 1947ல காலேஜ்ல சேர்ந்தவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப்பேர் முன்னாள் வீரர்கள். 1956ல திட்டம் முடியறதுக்குள்ள சுமார் 22 லட்சம் பேர் காலேஜ் போயிட்டாங்க.

ஆனா, சட்டத்துல நிறபேதம் இல்லைன்னாலும் தெற்கு மாநிலங்கள்ல வெள்ளையர் கல்லூரிகள் கறுப்பின வீரர்களைச் சேர்க்கல. கறுப்பினக் கல்லூரிகள்லயோ போதுமான இடமில்லை. உரிமை இருந்தும் பலபேர் வாசலோட திரும்பினாங்க.

இதைப் படிச்சதும் என் பொறாமை போயிடுச்சு. நான் வட்டி கட்டினேன், சரி. ஆனா எனக்கு ஒரு சீட்டு இருந்துச்சே.

நீங்க என்ன நினைக்கறீங்க?