ஊவாத் தோட்டங்களும் அச்சத்தின் கதைகளும்

மர்மமும் அச்சமும் விரவிய ‘கோதிக்’ புனைகதை, ஹொரஸ் வோல்போல் 1764 இல் வெளியிட்ட நாவலோடு ஆங்கிலத்தில் உருப்பெற்றது. தனித்த மாளிகை, முன்னோர் செய்த பாவம், பழிவாங்கும் ஆவி என்பன அதன் அடிப்படைக் கூறுகள். மேசையைச் சுற்றியமர்ந்து பாத்திரமேற்று ஆடும் இன்றைய விளையாட்டுக்களும் இவற்றையே களமாகக் கொள்கின்றன. பதுளை மாவட்டத்தில் இக்கூறுகள் யாவும் உள்ளன. ஆயின் அங்கு அஞ்சியவர் யார், எதற்கு அஞ்சினர் என்பதே நமது வினா.

அப்புத்தளையிலுள்ள அடிஷாம் மாளிகையை 1931 இல் கட்டுவித்தவர் சேர் தோமஸ் வில்லியர்ஸ். இவர் பிரித்தானியப் பிரதமராயிருந்த ஜோன் ரசல் பிரபுவின் பேரர். ஜோர்ஜ் ஸ்டுவார்ட் கம்பனியின் தலைவர். கென்ற் பகுதியில் தாம் பிறந்த ஊரின் பெயரையே கருங்கல் மாளிகைக்கும் இட்டார். உலகப் பொருளாதார மந்தம் தேயிலை விலையை வீழ்த்தியிருந்த காலம் அது என்பது நோக்கற்பாலது. இன்று அது கத்தோலிக்கத் துறவியர் மடம்.

மாளிகையினும் சுவையானது மேஜர் தோமஸ் வில்லியம் றொஜர்ஸின் கதை. ஊவாவில் நிருவாக அதிகாரியாயிருந்த இவர் சுட்டு வீழ்த்திய யானைகள் 1,400 அளவில் என்பர். 1845 யூன் 7 ஆம் நாள் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். நுவரெலியாவிலுள்ள அவரது கல்லறையையும் இடி விடாது தாக்கியதென்பது செவிவழிக் கதை. பதுளைப் புனித மாற்கு தேவாலயம் இவர் நினைவாக எழுந்தது.

கதை கேட்போர் இதனை யானைகளின் பழியாகவே கொள்வர். அறவுணர்வு மிக்க விளக்கந்தான். எனினும் அது ஒன்றை மறைக்கிறது. றொஜர்ஸ் வேட்டைப் பித்தர் மட்டுமல்லர், வீதிகளை அமைத்தவருமாவார். 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் காடுகளை அரசுடைமையாக்கிக் கோப்பித் தோட்டக்காரருக்கு வழிதிறந்தது. யானைக்குப் பரிசுப் பணமும் அரசே வழங்கிற்று. தனியொருவர் பாவமாகக் கதை கூறுவது உண்மையில் ஓர் உற்பத்தி முறையின் தொடக்கமாகும். அவ்வீதிகளின் வழியே தென்னிந்தியாவிலிருந்து நடந்துவந்து, இடைவழியில் நோயுற்று மடிந்த தொழிலாளருக்குக் கல்லறையுமில்லை; ஆவிக்கதையுமில்லை.

தொழிலாளர் தமக்கெனப் படைத்துக்கொண்ட அச்சவுருவம் வேறு. தேயிலைத் தொழிற்சாலையின் காவற்றெய்வம் ரோதைமுனி. இயந்திரத்திற் கைகால் சிக்காதிருக்க அதற்குப் பூசை செய்வர். தேயிலையை வெட்டிக் கவ்வாத்துச் செய்வோர் கத்திக் காயத்துக்கு அஞ்சிக் கவ்வாத்துச் சாமியை வணங்குவர். இவற்றை நிலமானிய மூடநம்பிக்கையின் எச்சமென ஒதுக்கும் முற்போக்காளர் நம்மிடையே உளர். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. முனி தமிழகத்துக் கிராமத்திலிருந்து வந்திருக்கலாம், ரோதை வரவில்லை. சக்கரத்தைக் குறிக்கும் அச்சொல்லே போர்த்துக்கேயர் தந்தது. சக்கரம் சுழலும் ஆலை, அதனுள் உடலைப் பணயம் வைத்து உழைக்கும் கூலியாள், அவனது காயத்துக்குப் பொறுப்பேற்காத நிருவாகம் ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்திலேதான் இத்தெய்வம் பிறந்தது. அந்த வகையில் ரோதைமுனி முதலாளித்துவ உற்பத்தியின் குழந்தை. மூலதனத்தை விளக்கப் புகுந்த மார்க்ஸ், 1867 இல், இரத்தம் உறிஞ்சும் பேயையே உவமையாகத் தேர்ந்தார். நமது தொழிலாளர் அந்நூலைப் படிக்காமலே உவமையைத் தெய்வமாக்கி அதனோடு பேரம் பேசினர்.

துரை பங்களாவில் நள்ளிரவில் கேட்கும் காலடியோசை பற்றிப் பயணிகள் இன்றும் விரும்பிக் கேட்கின்றனர். அதே மாவட்டத்தில், கொஸ்லந்தைப் பகுதியின் மீரியபெத்தைத் தோட்டத்தில், 2014 ஒக்டோபர் 29 ஆம் நாட் காலையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அவ்விடம் ஆபத்தானதென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. குடியிருந்தோருக்குப் போக வேறு வீடு இருக்கவில்லை.